சவுக்குப் பட்டைக்குள் கரித்தூள்: மருந்தா, மண்வெட்டியா?

கேள்வி: மூன்று வயதுச் சவுக்கு, ஒன்றரை ஏக்கர். தோப்பின் நடுவே ஏழெட்டு மரங்கள் உச்சியிலிருந்து காய்கின்றன. பட்டை வெடித்து, தொட்டால் கரித்தூள் மாதிரி கையில் ஒட்டுகிறது. கடையில் கொடுத்த மருந்தை வேரில் ஊற்றியும் பலனில்லை. என்ன செய்யலாம்?
– விவசாயி, கடலூர் மாவட்டம்

பதில்: வணக்கம் ஐயா. கையில் ஒட்டிய அந்தத் தூள்தான் நோயின் வித்து. ட்ரைகோஸ்போரியம் என்ற பூஞ்சை பட்டைக்கு உள்ளே வளர்ந்து, கொப்புளமாக உப்பி, வெடித்துக் கொட்டுகிறது. அந்த நிலைக்கு வந்த மரத்தை எந்த மருந்தும் மீட்காது. இனி அதற்காகச் செலவு செய்யாதீர்கள்.

இந்தப் பூஞ்சை தூளாகக் காற்றில் பரவும். நெருக்க நடவில் பக்கத்து வேர்கள் உரசுவதால் மண்ணுக்குள்ளும் போகும். நடுவில் தொடங்கி வட்டமாக விரிவது அதனால்தான். எனவே காய்ந்த மரங்களோடு, அவற்றைச் சுற்றி நல்லதாகத் தெரியும் ஒரு வரிசையையும் சேர்த்து வெட்டுங்கள். மனசு வராதுதான், ஆனால் அந்த வரிசையின் வேரில் நோய் ஏற்கெனவே இருக்கலாம். பட்டையை அங்கேயே உரித்து எரித்துவிட்டுக் கழியை விற்கலாம், மூன்று வயதுக் கழிக்கு விலை கிடைக்கும். கட்டைகளைத் தூரோடு பிடுங்கி எரியுங்கள். வெட்டிய இடத்தைச் சுற்றி இரண்டடிக்குக் குறையாத ஆழத்தில் வாய்க்கால் எடுத்து, அதன் மண்ணை உள்பக்கமே போடுங்கள். மழைத்தண்ணீர் அங்கிருந்து மற்ற மரங்களுக்கு ஓடக் கூடாது.

மீதி மரங்களுக்கு ஏக்கருக்கு ஒரு கிலோ டிரைக்கோடெர்மாவை (நோய்ப் பூஞ்சையை அடக்கும் நன்மை செய்யும் பூஞ்சை) இருபது கிலோ மக்கிய தொழுவுரத்தில் கலந்து, ஈரமுள்ள மண்ணில் தூரைச் சுற்றிப் போடலாம். நோய் வராமல் காக்க இது ஓரளவு உதவும், அவ்வளவுதான்.

கழி நேராக வரட்டும் என்று பக்கக் கிளைகளைக் கழித்தீர்களா? அரிவாள் பட்டையைக் கிழித்த காயம் பூஞ்சைக்கு வாசல். மழை நாளில் கழிக்கவே வேண்டாம். நோய் மரத்தில் பட்ட அரிவாளைக் கழுவி, நெருப்பில் வாட்டிவிட்டு அடுத்த மரத்துக்குப் போங்கள்.

அப்புறம் ஒரு சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ளுங்கள். கரித்தூள் இல்லாமல் வாடும் மரம் இருந்தால், தண்டில் ஒரு துண்டு வெட்டிக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நிறுத்துங்கள். பால் போல இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல். அதற்கும் வெட்டுவதும் வாய்க்காலும்தான் வழி.

வெட்டிய இடத்தில் உடனே சவுக்கு வேண்டாம். இரண்டு வருடம் கம்போ கேழ்வரகோ போடுங்கள். பிறகு ஜுங்குனியானா என்ற வேறு இனச் சவுக்கின் குளோன் கன்று (விதையிலிருந்து அல்லாமல், தாய் மரத்துக் கிளைத் துண்டிலிருந்து வளர்த்தது) நடலாம், இந்த நோயை அது நாட்டுச் சவுக்கைவிட நன்றாகத் தாங்கும். கோயம்புத்தூர் வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனத்தில் கேட்டால் நம்பகமான ரகம் எது என்று சொல்வார்கள்.