மூட்டு வீக்கத்தைத் தூண்டும் புரதத்தைப் பிடிக்கும் மருந்துகளை எப்படி உருவாக்குகிறார்கள்? ஏன் எல்லாம் ஊசியாகவே இருக்கின்றன?

புரதங்களோடு ஒட்டும் மூலக்கூறுகளைச் சோதிப்பதுதான் என் வேலை. ஒட்டும் மூலக்கூறைக் கண்டுபிடிப்பதைவிட, எந்தப் புரதத்தைப் பிடிப்பது என்று முடிவு செய்வதுதான் பெரும்பாடு என்பேன்.

முடக்குவாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வீங்கிய மூட்டுக்குள் டி.என்.எஃப், இன்டர்லூக்கின்-1 என்று அழற்சிப் புரதங்கள் பல இருக்கும். ஒன்றைத் தடுத்தால் மற்றது அதன் வேலையைச் செய்துவிடாதா என்ற சந்தேகம் நியாயமானதே. லண்டன் கென்னடி நிறுவனத்தில் மார்க் ஃபெல்ட்மன், ரவீந்தர் மைனி குழுவினர் நோயாளிகளின் மூட்டுச் சவ்விலிருந்து எடுத்த செல்களை வளர்த்து, டி.என்.எஃப்பை மட்டும் தடுத்துப் பார்த்தார்கள். இன்டர்லூக்கின்-1 உற்பத்தியும் கூடவே இறங்கியது. இது 1989-இல் வெளிவந்தது. 1992-இல் லண்டன் சேரிங் கிராஸ் மருத்துவமனையில், டி.என்.எஃப்பைப் பிடிக்கும் ஆன்டிபாடியை (கிருமிகளைப் பிடிக்க உடம்பு செய்யும் புரத வகை) நோயாளிகளுக்கே கொடுத்தார்கள். அந்த முதல் சோதனையில் இருந்தவர்கள் 20 பேர்தான். வலியும் வீக்கமும் நன்றாகவே குறைந்தன. என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையின் மிக அழகான வேலை அதுதான்.

அப்போது கொடுத்த இன்ஃப்ளிக்சிமாப் ஏறக்குறைய கால் பங்கு எலி, முக்கால் பங்கு மனித ஆன்டிபாடி. எலிப் பகுதியை உடம்பு அந்நியமாகப் பார்க்கும். அதனால் அடுத்து முழுக்க மனித வரிசை கொண்ட அடாலிமுமாப் வந்தது. அதைத் தேடிப் பிடித்த முறை இது: பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களின் மேல் ஆளுக்கொரு ஆன்டிபாடித் துண்டை ஒட்டவைத்து, டி.என்.எஃப் பூசிய தட்டில் ஊற்றிக் கழுவுவார்கள். ஒட்டி நின்றவற்றைப் பெருக்கி, மறுபடி ஊற்றிக் கழுவுவார்கள். இந்த முறையை ஆன்டிபாடிகளுக்குக் கொண்டுவந்ததற்காக கிரெக் வின்டர் 2018-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

அப்புறம் எங்கள் கட்டம். தங்கப் படலம் பூசிய சில்லில் புரதத்தைப் பொருத்தி, அதன்மேல் மூலக்கூறை ஓடவிடுவோம். ஒட்ட ஒட்டத் திரையில் கோடு ஏறும். பிறகு வெறும் கரைசலை ஓடவிட்டால் சுமாரானதற்குக் கோடு சட்டென்று விழுந்துவிடும். நல்லதற்கோ இறங்குவதே தெரியாது. ஏறும் வேகத்தைவிட அந்த இறங்காத கோட்டைத்தான் நான் கவனிப்பேன்.

ஏன் மாத்திரை இல்லை? ஆன்டிபாடியும் புரதம்தான், வயிறு அதைச் செரித்துவிடும். டி.என்.எஃப்பில் சிறு மூலக்கூறு நுழைந்து உட்காரத் தோதான குழியும் சரியாக அமையவில்லை.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். காசநோய்க் கிருமியைச் சுற்றி உடம்பு கட்டும் செல் கூட்டைக் கலையாமல் வைத்திருப்பதில் டி.என்.எஃப்புக்குப் பெரிய பங்கு உண்டு. அதைத் தடுத்தால் உள்ளே அடங்கிக் கிடந்த கிருமி கிளம்பலாம். நம் ஊரில் அப்படிக் கிருமியைச் சுமப்பவர்கள் ஏராளம். உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த ஊசி எழுதிக் கொடுத்தால், முதல் ஊசிக்கு முன்பே மார்பு எக்ஸ்ரேயும், காசநோய்க் கிருமியைக் கண்டறியும் மாண்டூ (Mantoux) தோல் பரிசோதனை அல்லது இக்ரா (IGRA) இரத்தப் பரிசோதனையும் எடுத்தாயிற்றா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கிருமி இருந்தால் முதலில் அதற்கு மாத்திரை தொடங்குவார்கள், ஊசி அதற்கப்புறம்தான்.