250 கிராம் மைதா என்றால் எத்தனை டம்ளர்?

கேள்வி: வீட்டில் தராசு இல்லை. சமையல் குறிப்பில் வரும் கிராம் கணக்கை கப், டம்ளர் கணக்குக்கு எப்படி மாற்றுவது?

எல்லாப் பொருளுக்கும் பொதுவாக ஒரே கணக்கு கிடையாதுங்க. அது தெரியாமல்தான் என் முதல் கேக்கைக் கெடுத்தேன். குறிப்பில் 250 கிராம் மைதா. என்னிடம் இருந்தது 250 மில்லி கப். சரியாப் போச்சு என்று தலைதட்டி ஒரு கப் போட்டேன். மில்லியும் கிராமும் ஒன்றாக இருப்பது தண்ணீருக்குத்தான். அந்தக் கப்பில் மைதா ஏறக்குறைய 130 கிராம்தான் பிடிக்கும். பாதி மாவில் கேக் எங்கே எழும்பும்? பெருந்துறையிலிருந்து வந்திருந்த அமுச்சி (அம்மாவின் அம்மா) கரண்டியில் தொட்டுப் பார்த்துவிட்டு, "களின்னு சொல்லியிருந்தா கொழம்பு வெச்சிருப்பனே கண்ணு" என்றார்.

அதற்கப்புறம் நான் கண்டுபிடித்த வழி இது. புதிதாக ஒரு கிலோ பாக்கெட் பிரிக்கும்போது, தினம் புழங்குகிற டம்ளரில் தலைதட்டி அளந்து டப்பாவில் கொட்டுங்க. எத்தனை டம்ளர் வந்ததோ அதால் 1000-ஐ வகுத்தால் ஒரு டம்ளரின் எடை. அரிசி 5 டம்ளர் வந்தால் டம்ளருக்கு 200 கிராம். அதை டப்பா மூடியிலேயே எழுதி ஒட்டிவிடுங்க. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே ஒரு முறை செய்தால் போதும். இணையத்தில் கிடைக்கும் பட்டியலைவிட இது மேல்; அந்தக் கப்பும் உங்கள் டம்ளரும் ஒன்றில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க: 240 மில்லி கப்புக்கு அஸ்கா (வெள்ளைச் சர்க்கரை) 200 கிராம், ரவை 170, மைதா 125 சுமாராக வரும். கடலை மாவு சலித்தால் நூறுகூடத் தேறாது. மாவில்தான் ஏமாற்றம் அதிகம். பாத்திரத்தை மாவுக்குள் விட்டு அள்ளினால் அழுந்தி 140, 150 கூட ஏறும். சலித்துக் கரண்டியால் போட்டால் 115-க்கு இறங்கும். ஆகவே அளக்கிற விதத்தை மாற்றாதீங்க.

நாட்டுச் சர்க்கரை இன்னொரு தொல்லை. கவுந்தப்பாடிச் சர்க்கரையைக் கையில் பிடித்தால் உருண்டை நிற்கும், அவ்வளவு ஈரம். உதிர்த்துப் போட்ட கப்புக்கும் அமுக்கிய கப்புக்கும் 60, 70 கிராம் வித்தியாசம் வரலாம். ஒப்புட்டுப் (போளி) பூரணம் இளகிப்போவதற்கு இதுவும் ஒரு காரணம். நான் அமுக்கித்தான் அளக்கிறேன்.

அரிசிம்பருப்புக்கோ (அரிசியும் பருப்பும் சேர்த்து ஆக்கும் சோறு) இட்லி மாவுக்கோ இந்த மாற்றமே வேண்டியதில்லை; எதற்கு எத்தனை பங்கு என்பதுதான் அங்கே கணக்கு. அமுச்சி வீட்டில் இன்னும் ஆழாக்குதான் (படியில் எட்டில் ஒரு பங்கு). அரிசிம்பருப்புக்கு 4 ஆழாக்கு அரிசிக்கு 1 ஆழாக்குத் துவரம் பருப்பு. அரிசியும் பருப்பும் கப்புக்கு ஏறத்தாழ ஒரே எடை என்பதால், கிலோவில் போட்டாலும் அந்த 4-க்கு 1 பெரிதாக மாறாது. அவருடைய இரும்பு ஆழாக்கை ஒருமுறை மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். அரிசி 140 கிராம் பிடித்தது. படி ஊருக்கு ஊர் மாறும், உங்கள் வீட்டு ஆழாக்கு வேறு காட்டலாம்.

உப்பில் மட்டும் கவனம். பொடி உப்பு ஒரு டீஸ்பூன் 6 கிராம் வரும். கல் உப்புக்கு நடுவில் சந்து இருப்பதால் அதே ஸ்பூனில் குறைவாகத்தான் நிற்கும். மாங்காய் ஊறுகாய்க்கு நான் ஸ்பூனை நம்புவதில்லை, கடையிலேயே நிறுத்து வாங்கிவிடுவேன்.