தொடர்மாடியில் இருந்துகொண்டு குப்பையைக் குறைக்க முடியுமா?

வெள்ளவத்தையில் தோட்டமில்லாத தொடர்மாடியில் என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நிறையச் செய்யலாம். 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லையில் சரிந்து 30 பேருக்கு மேல் பலிகொண்ட குப்பைமலை, கொழும்பில் நாங்கள் எல்லாவற்றையும் கலந்து கொட்டியதுதான். அதனால் முதலில் சமையல் கழிவைத் தனியாக்குங்கள், அந்த ஈரம் பட்ட பேப்பரை அப்புறம் யாரும் வாங்க மாட்டார்கள். அடியில் ஓட்டை போட்ட வாளியில் மரக்கறித் தோல், தேயிலைச் சக்கை, மேலே ஒரு பிடி தும்புத்தூள் (தேங்காய் நார்த்தூள்) என்று மாறிமாறிப் போட்டு, கிழமைக்கு ஒருமுறை கிளறி விட்டால் சில மாதங்களில் நல்ல பசளை, மொட்டைமாடிப் பூச்சாடிகளுக்குப் போதும். கெட்ட மணம் வந்தால் ஈரம் கூடிவிட்டது என்று அர்த்தம், இன்னும் தும்புத்தூள் போடுங்கள். மீன், எலும்பு வேண்டாம். போத்தலையும் பேப்பரையும் எல்லா வீடுகளுமாக ஓரிடத்தில் சேர்த்தால், பழைய சாமான்காரர் காசு கொடுத்தே எடுப்பார்.