சிக்னலை விட்டு எப்போது போவது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

குகைக்குள் தேடும் ரோபோக்களைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அவை அடிக்கடி தொடர்பை இழந்தன என்று எழுதியிருந்தீர்கள். நான் இணைய இணைப்பு கொடுக்கும் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறேன். சிக்னல் குறைந்தால் பக்கத்து ரோபோவை நோக்கி நகர்ந்துகொள் என்று ஒரே ஒரு விதி வைத்தால் போதாதா? பல ரோபோக்கள் சேர்ந்து யோசிக்கும் 'கூட்டு அறிவு' இதில் எங்கே வருகிறது?

ராஜேஷ், ஈரோடு

அன்புள்ள ராஜேஷ்,

அந்த விதியை மட்டும் வைத்தால் எல்லா ரோபோவும் குகை வாசலிலேயே கும்பலாக நிற்கும். சிக்னல் பிரமாதமாக இருக்கும், தேடல்தான் நடக்காது.

இன்னொரு சிக்கல், ஒரு ரோபோவுக்குத் தெரிவது அக்கம்பக்கம் மட்டுமே. இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் ஐந்து, நடுவில் ஒரே ஒரு இணைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். கும்பலின் நடுவே இருப்பதற்கு எல்லாம் நன்றாக இருப்பதாகவே தோன்றும். அந்த ஒரு இணைப்பு போனால் ரோபோக்களின் தொடர்பு வலை இரண்டாகிவிடும். இந்த பலவீனத்தை அளக்க ஒரு எண் உண்டு. செக் கணிதவியலாளர் மிரோஸ்லாவ் ஃபீட்லர் 1973-இல் சொன்னது. வலை துண்டானால் அது பூஜ்யம். அண்டை ரோபோக்களுடன் மட்டும் பேசியே ஒவ்வொன்றும் இதை ஏறத்தாழக் கணக்கிட முடியும். ஆனால் அதற்குப் பல சுற்றுப் பேச்சு வேண்டும், அதற்குள் எல்லாம் இடம் மாறியிருக்கும்.

சரி, நிறையப் பேசிக்கொண்டால் நல்லதுதானே என்பீர்கள். அதுவும் எப்போதும் இல்லை. 1990களின் கடைசியில் எம்.ஐ.டி. மீடியா லேபில் மினார், கிராமர், மேஸ் மூவரும் நகரும் ரேடியோ வலை ஒன்றை கணினியில் உருவாக்கி, அதில் வழி கண்டுபிடிக்க, தானே இடம் மாறி இயங்கும் சிறு நிரல்களை, அதாவது மென்பொருள் முகவர்களை, உலவவிட்டார்கள். போய் நெடுநாளான இடத்துக்கே அடுத்து போ என்பது ஒரு வகை முகவருக்கு உத்தரவு. இரண்டு முகவர்கள் சந்தித்துத் தங்கள் நினைவைப் பகிர்ந்ததும் இரண்டுக்கும் ஒரே நினைவு, அதனால் ஒரே வழி. ஒட்டிக்கொண்டே அலைந்தன, பலன் குறைந்தது. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த முடிவு இது.

இனி குகைக்கு வருவோம். அமெரிக்க ராணுவ ஆய்வு அமைப்பான டார்ப்பா நடத்திய நிலத்தடிப் போட்டியின் இறுதிச் சுற்று 2021 செப்டம்பரில் கென்டக்கியின் லூயிவில் நகரில், ஒரு பழைய சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் நடந்தது. ரேடியோ அலை பாறை மூலையில் எளிதில் திரும்பாது. அதனால் ரோபோக்கள் போகிற வழியில் சிறிய ரேடியோ பெட்டிகளைக் கீழே போட்டுக்கொண்டே போயின. இரு பக்கமும் தெரியும் சந்தியிலேயே போட வேண்டும். மூலை திரும்பி சிக்னல் போன பிறகு போட்டால் பெட்டி வீண்.

பெட்டிகள் தீர்ந்த பிறகு? தொடர்பை விட்டுவிட்டு உள்ளே போக வேண்டியதுதான். கண்டதை நினைவில் வைத்து, சிக்னல் கிடைக்கும் இடத்துக்குத் திரும்பிவந்து சொல்ல வேண்டும். உள்ளே வைக்கப்பட்ட பொருள்களைக் கண்டு சொன்னால்தான் மதிப்பெண். செர்பெரஸ் அணியும் ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. அணியும் தலா 23 எடுத்தன. கடைசிப் பொருளை முந்திச் சொன்ன செர்பெரஸுக்கு 20 லட்சம் டாலர் பரிசு போனது.

நீங்கள் கேட்ட அறிவு இங்கேதான் வருகிறது. இன்னும் ஒரு வளைவு போய்ப் பார்ப்பதா, கையில் இருப்பதைச் சொல்லத் திரும்புவதா? நேரம் நிறைய இருக்கும்போது ஒரு பதில், முடியப்போகும்போது வேறு பதில். வெளியே இருக்கும் மேற்பார்வையாளரிடம் கேட்கலாமே என்றால், அவருடன்தான் தொடர்பே இல்லையே.