புது ரேடியேட்டர் ஹோஸ் பாதியில் நின்றுவிட்டால்

கேள்வி: திருமங்கலத்தில் வசிக்கிறேன். என்னுடைய சிறிய பெட்ரோல் காருக்கு 15 வயதாகிறது. ரேடியேட்டரின் மேல் ஹோஸ் வெடிப்பு விட்டதால் புதிது வாங்கி நானே மாட்டினேன். என்ஜின் பக்கம் ஏறிவிட்டது. ரேடியேட்டர் பக்கம் பாதிக்கு மேல் நகரவில்லை. தேங்காய் எண்ணெய் தடவியும் பலனில்லை. கிரீஸ் தடவி, ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி ஏற்றலாமா?

பதில்: நெம்ப வேண்டாம். இன்றைய பெரும்பாலான கார்களில் ரேடியேட்டரின் பக்கத் தொட்டியும், ஹோஸ் ஏறும் குழாய் முனையும் பிளாஸ்டிக்கால் ஆனவை. பல வருடம் வெந்நீரில் வெந்து சலித்த அந்தப் பிளாஸ்டிக், ஸ்க்ரூ டிரைவரின் ஒரே அழுத்தத்தில் விரிசல் விட்டுவிடும். சில நூறு ரூபாய் வேலை ரேடியேட்டர் மாற்றுவதில் போய் முடியும். இப்படி முனை உடைந்து பட்டறைக்கு வந்த வண்டிகளைப் பார்த்தவன் என்பதால் முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன்.

கிரீஸும் கூடாது. இந்த ஹோஸ்களைப் பொதுவாக ஈ.பி.டி.எம். என்ற ரப்பரில் செய்கிறார்கள். அது வெந்நீரையும் கூலன்டையும் நன்றாகத் தாங்கும். ஆனால் கிரீஸ், என்ஜின் ஆயில், மண்ணெண்ணெய் போன்றவை பட்டால் உப்பித் தளர்ந்துவிடும். தேங்காய் எண்ணெயோ காயாமல் வழுவழுப்பாகவே தங்கிவிடும். சிறிய கார்களின் ரேடியேட்டர் மூடியில் 0.9 அல்லது 1.1 என்று பொறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பார் கணக்கில் அவ்வளவு அழுத்தம் வரை அந்த மூடி உள்ளே பிடித்து வைக்கும். வழுக்கும் முனையில் அந்த அழுத்தம் சேர்ந்தால், நான்கு வழிச்சாலையில் போகும்போதே ஹோஸ் கழன்றுவிடக்கூடும். ஆகவே தடவிய எண்ணெயைச் சோப்புத் தண்ணீரால் துடைத்தெடுங்கள். வழுக்குவதற்குக் கொஞ்சம் கூலன்டோ நீர்த்த சோப்புத் தண்ணீரோ போதும்.

உங்களுக்கு உண்மையில் இடைஞ்சலாக இருப்பது, மாட்டிய வரிசை என்றே நினைக்கிறேன். மேல் ஹோஸ் நேரான குழாய் அன்று, வளைவோடு வார்க்கப்பட்டது. ஒரு முனையை முழுவதும் ஏற்றிவிட்டால், மறுமுனையைத் திருப்ப இடமில்லாமல், அந்த வளைவே உங்கள் கைக்கு எதிராக மல்லுக்கட்டும். எனவே என்ஜின் பக்கத்தைக் கழற்றிவிட்டு, பலம் காட்டக்கூடாத பிளாஸ்டிக் முனையில் முதலில் மாட்டுங்கள். மறுமுனை தொங்கும்போது ஹோஸை இடமும் வலமும் சிறிது திருகித் திருகி உள்ளே தள்ளலாம். கொஞ்சம் முரண்டு பிடித்தாலும் தாங்கும் அலுமினிய முனையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். புது ஹோஸில் வெள்ளைக் கோடோ புள்ளியோ இருந்தால், அது பழைய ஹோஸில் எந்தத் திசையைப் பார்த்திருந்ததோ அதே திசையில் நிற்க வேண்டும்.

இதையெல்லாம் என்ஜின் முழுவதும் ஆறிய பிறகே செய்ய வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் வயரையும் கழற்றிவிடுங்கள். சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் விசிறி சுற்றத் தொடங்கும். அடுத்து, இரண்டு முனைகளையும் விரலால் தடவிப் பாருங்கள். பழைய ரப்பரின் தோல் ஒட்டியிருக்கலாம். உப்புள்ள போர் தண்ணீரை ஊற்றி ஓட்டிய வண்டியானால் அலுமினியத்தில் வெள்ளைப் பொருக்கும் கட்டியிருக்கும். அலுமினியத்தை நைசான உப்புத்தாளாலும், பிளாஸ்டிக்கை ஈரத் துணியாலும் வழவழப்பாகும் வரை துடைக்கவும். உப்புத்தாளின் தூள் குழாய்க்குள் விழாதபடி துணியைச் செருகிக்கொள்ளவும்.

இனி கிளிப்புகளை ஹோஸில் நுழைத்துவிடுங்கள். பலரும் மறப்பது இதைத்தான். ஒரு பாத்திரத்தில் கொதிக்க வைத்து இறக்கிய தண்ணீரில், ஹோஸின் முனையை மூன்று விரற்கடை ஆழத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் முக்கி வையுங்கள். கையுறையோடு எடுத்து அழுத்தினால், கட்டை போலிருந்த ரப்பர் இட்லி போல அமுங்கும். அந்தச் சூடு ஆறுவதற்குள் மாட்ட வேண்டும். தீயில் வாட்டக் கூடாது. முனையின் ஓரத்தில் வளையம் போன்ற ஒரு புடைப்பு இருக்கும்; ஹோஸ் அதைத் தாண்டும்போது ஒரு சிறு துள்ளல் கையில் தெரியும். அங்கேயே நிறுத்தாமல், பழைய ஹோஸ் எவ்வளவு தூரம் ஏறியிருந்ததோ அவ்வளவு ஏற்றுங்கள். கிளிப், புடைப்புக்கும் ஹோஸின் விளிம்புக்கும் நடுவில் உட்கார வேண்டும். புடைப்பின் மேலேயே இறுக்கினால் கசியும். திருகு கிளிப்பானால் ரப்பர் பிதுங்கும் அளவுக்கு முறுக்க வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏறாவிட்டால், பழைய ஹோஸையும் புதியதையும் பக்கத்தில் வைத்து உள்விட்டத்தை அளந்து பாருங்கள். வேறு மாடலுக்கான ஹோஸைக் கடையில் கொடுத்திருக்கலாம்.

பேட்டரி வயரை மாட்டி, கூலன்டை நிரப்புங்கள். கலந்தே விற்கும் கூலன்டில் தண்ணீர் சேர்க்கக் கூடாது; கெட்டியான கூலன்டானால் டப்பாவில் சொன்ன அளவுக்குப் பேட்டரி தண்ணீர் சேர்க்கலாம். ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து, ஹீட்டரைச் சூட்டில் வைத்து, என்ஜினை ஐடிலில் ஓட விட்டால் காற்றுக் குமிழிகள் வெளியேறும். மட்டம் இறங்க இறங்க ஊற்றுங்கள். குமிழி நின்றதும் என்ஜினை நிறுத்தி மூடியைப் போடுங்கள். போட்ட மூடியை, அதன் பிறகு என்ஜின் சூடாக இருக்கும்போது திறக்கவே கூடாது. மீண்டும் ஓட விட்டு, விசிறி ஒரு முறை சுற்றி நின்றதும் இரண்டு இணைப்பிலும் ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள். மறுநாள் காலை, வண்டி ஆறியிருக்கும்போது திருகு கிளிப்பை ஒரு கால் சுற்று இறுக்கி, மட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். சிந்திய கூலன்டை அப்படியே விட்டுவிடாதீர்கள். அது லேசாக இனிக்கும், ஆனால் விஷம். தெருநாயோ ஆடோ நக்குவதற்கு முன் மண் போட்டு உறிஞ்சி அள்ளிவிட்டு, தரையைக் கழுவிவிடுங்கள்.