அவளையே கேப்டன் ஆக்கிவிடலாமா?

கேள்வி: கல்லூரி வாலிபால் அணியில் நான் செட்டர், அடிப்பவளுக்குப் பந்தைத் தூக்கித் தருபவள். இரண்டு மாதத்துக்கு முன் என்னைக் கேப்டன் ஆக்கினார்கள். அந்தப் பந்தை வலைக்கு மேல் ஓங்கி அடிக்கும் எங்கள் அணியின் சிறந்த ஸ்பைக்கர் பயிற்சிக்குத் தாமதமாக வருகிறாள். பந்து சரியாக வராவிட்டால் முதலாண்டுப் பெண்களைத் திட்டுகிறாள். ஆவேசமாகப் பேசி அணியை உசுப்பிவிட எனக்கு வராது. தொடர்ந்து நான்கு ஆட்டம் தோற்றுவிட்டோம். அவளையே கேப்டனாக்கிவிட்டு நான் ஒதுங்கிவிடட்டுமா?
- பெயர் வேண்டாம்

அன்புத் தங்கைக்கு,

ஒதுங்காதீர்கள். உங்களுக்காக மட்டும் சொல்லவில்லை, அந்த ஸ்பைக்கருக்காகவும்தான் சொல்கிறேன்.

இங்கிலாந்து கிரிக்கெட் அணி ஒருமுறை இதைச் செய்து பார்த்தது. அணியிலேயே பெரிய ஆட்டக்காரரான இயன் போத்தமைக் கேப்டன் ஆக்கினார்கள். 12 டெஸ்ட்டில் ஒரு வெற்றிகூட இல்லை. 1981-ல் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக லார்ட்ஸில் இரண்டு இன்னிங்ஸிலும் பூஜ்யத்துக்கு அவுட் ஆனதும் பொறுப்பை விட்டார். மைக் பிரேர்லி திரும்ப அழைக்கப்பட்டார். 39 டெஸ்ட் ஆடியும் ஒரு சதம்கூட அடிக்காதவர் அவர். பேட்டிங்கை மட்டும் பார்த்தால் அணியில் இடம் கிடைப்பதே சந்தேகம்.

அடுத்த டெஸ்ட் ஹெடிங்லியில். இங்கிலாந்து 227 ரன் பின்தங்கி ஃபாலோ ஆன், அதாவது உடனே மறுபடியும் பேட் செய்ய வேண்டிய நிலை. ஏழு விக்கெட் போன பிறகு வெளுத்துக்கட்டிய போத்தம் 149 ரன்னோடு கடைசிவரை நின்றார். ஆஸ்திரேலியாவுக்குத் தேவை 130 ரன்தான். முதலில் ஒரு முனையிலிருந்து பந்து வீசிய பாப் வில்லிஸை பிரேர்லி எதிர்முனைக்கு மாற்றினார். வில்லிஸ் 43 ரன்னுக்கு 8 விக்கெட் எடுக்க, இங்கிலாந்து 18 ரன்னில் ஜெயித்தது. போத்தம் அதே ஆள்தான், கையில் அதே பேட்தான். இடையில் தலையிலிருந்து ஒரு சுமை இறங்கியிருந்தது, அவ்வளவுதான். பேட்டால் பெரிதாக எதுவும் செய்யாத பிரேர்லி, யார் எந்த நிலையில் இருக்கிறார், யாருக்கு எது தேவை என்பதைக் கவனித்துக்கொண்டே இருந்தார். பின்னாளில் அவர் மனப்பகுப்பாய்வு நிபுணர் ஆனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

செட்டராக நீங்கள் ஏற்கெனவே செய்வதும் இதுதானே? அடிப்பவளுக்கு வாகாகப் பந்தைத் தூக்கித் தருவது. அதையே களத்துக்கு வெளியிலும் செய்யுங்கள். அந்த ஸ்பைக்கரைத் தனியாகக் கூப்பிட்டு, புகார் எதுவும் சொல்லாமல், "உனக்கு எந்த உயரத்தில் வேண்டும்? வலையிலிருந்து எவ்வளவு தள்ளி?" என்று கேளுங்கள். பத்து நிமிடம் அதையே இருவரும் போட்டுப் பாருங்கள். தாமதமாக வருவதைப் பற்றி அப்புறம் பேசலாம். அதைப் பயிற்சியாளரிடமும் சொல்லி, எல்லோருக்கும் ஒரே விதி என்று ஆக்கிவிடுங்கள்.

ஆனால் சின்னப் பெண்களைத் திட்டுவதை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. அடுத்த முறை நடக்கும்போதே, குரலை உயர்த்தாமல், "இவளிடம் நான் பேசிக்கொள்கிறேன், நீ உன் இடத்துக்குப் போ" என்று சொல்லிவிடுங்கள். பயந்துபோன பெண்ணுக்கு முதல் பாஸ், அதாவது சர்வீஸை எடுத்து உங்களிடம் தருவது, சரியாக வராது. முதல் பாஸ் கெட்டால் உங்களால் தூக்க முடியாது, ஸ்பைக்கராலும் அடிக்க முடியாது. அந்த நான்கு தோல்வியில் எத்தனை புள்ளி சர்வீஸை எடுக்கும்போதே போனது என்று எண்ணிப் பாருங்கள். பாதிக்கு மேல் அங்கே போயிருந்தால், இது ரிசீவ் பயிற்சியில் சரியாகிற விஷயம்.

ஆவேசப் பேச்சைப் பற்றி: டைம் அவுட் 30 விநாடிதான். அதில் ஒரு பெண்ணிடம் ஒரு விஷயம் சொல்ல நேரம் இருக்கிறது, அது போதும். பேச்சே இல்லாமலும் நடத்தலாம். 2011 கால்பந்து சாம்பியன்ஸ் லீக் இறுதியில் பார்சிலோனா ஜெயித்தபோது, கேப்டன் கார்லெஸ் புயோல் தன் கைப்பட்டையை எரிக் அபிதாலிடம் கொடுத்து அவரையே கோப்பையைத் தூக்க வைத்தார். இரண்டு மாதத்துக்கு முன்புதான் அபிதாலுக்குக் கல்லீரல் கட்டிக்கு அறுவை சிகிச்சை நடந்திருந்தது. அந்த அணியில் அன்று யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியிருந்திருக்காது.

நாளைப் பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். அந்த முதலாண்டுப் பெண்களையும் வரச் சொல்லுங்கள். சர்வீஸை நீங்களே போடுங்கள், அவர்கள் எடுக்கட்டும்.