பழைய மடிக்கணினியும் மூர் விதியும்

அன்புள்ள ஐயா,

மூர் விதி முடிந்துவிட்டது என்று எங்கள் பேராசிரியர் சொன்னார். சில்லுகளின் வளர்ச்சி இனி நின்றுவிடுமா? என்னிடம் இருப்பது அப்பா 2016இல் வாங்கித் தந்த மடிக்கணினி. விண்டோஸ் 11ஐ அது ஏற்கவில்லை. நண்பர்கள் முன் அதைத் திறக்கவே வெட்கமாக இருக்கிறது. அப்பாவிடம் புதியது கேட்கவும் மனம் வரவில்லை.

— பொறியியல் மாணவர் ஒருவர்

அன்புள்ள தம்பிக்கு,

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்ததிலிருந்து உங்களுடையதைப் போன்ற பழைய கணினிகளைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு சில்லில் அடங்கும் உறுப்புகள் ஆண்டுதோறும் இரட்டிப்பாகும் என்று, பின்னாளில் இன்டெல்லை நிறுவியவர்களில் ஒருவரான கோர்டன் மூர் 1965இல் கணித்தார். அதுவே மூர் விதி. 1975இல் அதை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை என்று திருத்தினார். 1971இல் இன்டெல் 4004 என்ற சில்லில் சுமார் 2,300 டிரான்சிஸ்டர்கள், அதாவது நுண்ணிய மின் சுவிட்சுகள், இருந்தன. 2020இல் ஆப்பிளின் எம்1 சில்லில் 1,600 கோடி. டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கும்போதே மின்னழுத்தத்தையும் குறைத்து வெப்பத்தை அடக்கும் வசதி மட்டும் 2005 வாக்கில் கைவிட்டுப்போனது. மிச்சத்தை உங்கள் பேராசிரியரிடமே கேளுங்கள்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, இவ்வளவு வலிமையும் எங்கே போனது என்பதை. விண்டோஸ் 95 ஓடுவதற்கு 4 எம்பி நினைவகம் போதுமானதாக இருந்தது. விண்டோஸ் 11 குறைந்தது 4 ஜிபி கேட்கிறது. ஆயிரம் மடங்கு! பாதுகாப்புக்கும் படங்களுக்கும் பல மொழிகளுக்கும் ஒரு பங்கு போனது நியாயம். மீதியைத் தின்றது எங்கள் மென்பொருள் தொழிலின் அலட்சியம். தொண்ணூறுகளில் ஓர் அச்சகத்தில் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் பக்கம் கட்டியவர்களோடு இருந்திருக்கிறேன். ஒரு படத்தை வைத்தால் திரை அதை மேலிருந்து கீழாக மெல்ல வரைந்து முடிக்கும், 1.44 எம்பி ஃபிளாப்பிக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு படத்தையும் வெட்டிச் சிறிதாக்குவார்கள். அந்தச் சிக்கனத்தோடு இதழ் குறித்த நாளில் அச்சேறியது. இன்று ஓர் அரட்டைச் செயலி, தனக்கென்று ஒரு முழு உலாவியையே உள்ளே சுமந்துகொண்டு வருகிறது. எழுதியவருக்கு அது உறுத்துவதில்லை, ஏனென்றால் அவர் மேசையில் இருப்பது புத்தம்புதிய கணினி. மென்பொருளின் மந்தம் வன்பொருளின் வேகத்தை முந்துகிறது என்று கணினி அறிஞர் நிக்லாஸ் விர்த் 1995இலேயே எச்சரித்தார். யார் கேட்டார்கள்?

உங்கள் மடிக்கணினி மந்தமாகிவிட்டதால் ஒதுக்கப்படவில்லை. இன்டெல் சில்லு என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதல்தான் விண்டோஸ் 11 ஓடும் என்று மைக்ரோசாஃப்ட்காரர்கள் ஒரு பட்டியல் போட்டார்கள். 2016இல் வந்தவை அதற்கு வெளியே நின்றுவிட்டன. பாதுகாப்பு என்று காரணம் சொன்னார்கள், அதில் உண்மையும் உண்டு. ஆனால் பட்டியல் போட்டவர்கள் வெட்கப்படாதபோது, அப்பா உழைத்து வாங்கித் தந்த பொருளுக்காக நீங்கள் ஏன் வெட்கப்படுகிறீர்கள்? இந்த வெட்கத்தை நம்பித்தான் புதிய கணினிகள் விற்கப்படுகின்றன. 2022இல் மட்டும் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது. முறையாக மறுசுழற்சிக்குப் போனது கால்பங்குக்கும் குறைவு. புதிய சில்லும் சும்மா வருவதில்லை: 2021இல் தைவானில் வறட்சி வந்தபோது, அங்குள்ள சில்லுத் தயாரிப்பு நிறுவனமான டிஎஸ்எம்சி தன் ஆலைகளுக்கு லாரிகளில் தண்ணீர் வரவழைத்தது.

படித்துவிட்டு நீங்களும் மென்பொருள் எழுதத்தான் போகிறீர்கள். எழுதுவதை இந்தப் பழைய கணினியில் ஓட்டிப் பாருங்கள். இதில் திணறினால் திருத்தி எழுதுங்கள்.

இப்போதைக்கு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது ஹார்ட் டிஸ்க் என்றால், அதைவிட வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டியாக மாற்றுங்கள். புதிய கணினியின் விலையில் அது ஒரு சிறு பங்குதான். மாடல் எண்ணையும் ரேம் அளவையும் எழுதி அனுப்பினால், எந்தப் பதிப்பு பொருந்தும் என்று சொல்கிறேன்.